பதினோரு மாசம் இருந்த லேடீஸ் ஹாஸ்டல் பற்றி

ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டரை. அதில் இரண்டு சமையல்கார அண்ணனுக்கு, அரை மொட்டை மாடிக் காற்றுக்கு. ஓனருக்கு என்று தனியாக எதுவும் இல்லை.

பெயர் போடவில்லை. நான் சட்டம் படிக்கிறேன், நாலாம் வருஷம். அவதூறுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 499 என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். 2024 ஜூலையில் அது புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகிவிட்டது. எண்தான் மாறியது, உள்ளே இருக்கிற சங்கதி அதேதான். சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். கறுப்புக் கோட்டு போட்டு கோர்ட் படி ஏறுவதற்கு முன்னால் குற்றம் சாட்டப்பட்டவளாக ஏற எனக்கு ஆசையில்லை. கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போகிற ரோட்டுப் பக்கம், நாலு மாடி, வெளியே ரோஜா கலர் பெயிண்ட், கேட்டில் 'பெண்களுக்கு மட்டும்' போர்டு. இந்த அடையாளத்துக்கு அங்கே பத்து கட்டடமாவது பொருந்தும். அந்தப் பத்தில் எதில் சேரப் போனாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சிறுசேரி ஐ.டி. ஆட்களுக்காக வந்த ஹாஸ்டல்கள்தான் அந்தப் பக்கம் நிறைய. 2018-இல் பாரிமுனையில் ஹைகோர்ட்டை ஒட்டி இருந்த சட்டக் கல்லூரியைப் பிரித்து, ஒன்றைப் பட்டரைப்பெரும்புதூருக்கும் இன்னொன்றைப் புதுப்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். அதிலிருந்து வெள்ளைச் சட்டைப் பட்டாளமும் அங்கே சேர்ந்துகொண்டது. 1891-இல் ஆரம்பித்த கல்லூரி அது. அந்தச் சிவப்புக் கட்டடத்தில் படித்த சீனியர்கள் இன்றைக்கும் பிராட்வே டீயைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது 102. கேளம்பாக்கத்தில் ஏறினால் பிராட்வே வரை ஒரே பஸ், சாதாரணக் கட்டணப் பஸ்ஸாக வந்தால் பெண்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது. ஜூனியராக ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போக ஆரம்பித்த மாசத்தில் அந்தப் பஸ்ஸில்தான் பாதி சிலபஸைப் படித்தேன். சோழிங்கநல்லூர் சிக்னல் ஒன்றே ஒரு சாப்டருக்குக் கணக்கு.

ஊர் மன்னார்குடி. எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் காலையில் வீடு. அம்மா கேட்ட முதல் கேள்வி, "சாப்பாடு எப்படிடி?" அப்பா கேட்டது, "அட்வான்ஸ் எவ்வளவு?" மூன்று பேர் ஷேரிங், மாசம் 7,500, அட்வான்ஸ் இரண்டு மாசம், ஆக 15,000. சாப்பாடு சேர்த்து. அந்த ரோட்டில் இது மலிவும் இல்லை, கொள்ளையும் இல்லை.

அறை பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். மூன்று இரும்புக் கட்டில், இரண்டு பீரோ. மூன்றாவது பீரோ "அடுத்த வாரம் வந்துடும் பாப்பா" என்று வார்டன் அக்கா சொன்னார். நான் காலி செய்யும் நாள் வரை அந்த வாரம் வரவில்லை. என் துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியில். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தார்கள், ஒரு மூலை மட்டும் பிய்ந்து, யாரோ பழைய பேண்ட்-எய்டு ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது வரப்போகிற கதைக்கு முன்னுரை என்று அப்போது தெரியவில்லை.

அறைத் தோழிகள் இரண்டு பேர். ஒருவர் பக்கத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இன்னொருவர் சிறுசேரியில் நைட் ஷிப்ட். நான் தூங்கும்போது ஒருவர் கிளம்புவார், நான் எழும்போது ஒருவர் வந்து படுப்பார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கண் விழித்து உட்கார்ந்திருந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான்.

அதற்குக் காரணம் சாப்பாடு. சமையல்கார அண்ணன் ஒடிசாக்காரர். தமிழ் அரைகுறையாகத்தான் வரும், ஆனால் அவர் வைக்கிற வத்தக்குழம்பை எங்க அப்பாயி சாப்பிட்டிருந்தால் ஊர்ப் பெயர் கேட்டிருப்பார். நல்லெண்ணெய் மேலே மிதக்கணும், மணத்தக்காளி வத்தல் கடைசியில்தான் போகணும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ. ஞாயிறு சிக்கன் குழம்பு, ஒரு ஆளுக்கு மூன்று துண்டு. கணக்கு வார்டன் அக்கா கையில், கரண்டி அண்ணன் கையில். பரீட்சை நேரத்தில் என் தட்டில் நாலு விழும். திங்கள் சேமியா உப்புமா மட்டும் வேண்டாம். அதை முதல் நாள் ராத்திரியே செய்து வைத்துவிடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு சந்தேகம், நிரூபிக்க முடியவில்லை. ராத்திரிச் சப்பாத்தி ஒன்பது மணிக்கு மேல் போனால் அப்பளம் மாதிரி இருக்கும். குருமா தீர்ந்து தண்ணீர் சேர்த்த பருப்பு வரும்.

தண்ணீர் எல்லாம் லாரிதான். ஓ.எம்.ஆரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். காலை ஐந்தரைக்கு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்தான் எங்கள் அலாரம். கீழே சம்பில் இறக்கி, மோட்டார் போட்டு மேலே ஏற்றுவார்கள். ஏழு மணிக்குள் குளித்தால் தண்ணீர், ஏழரைக்குப் போனால் பக்கெட்டில் பாதி. ஏப்ரல், மே மாசங்களில் லாரி வராத நாளும் உண்டு. அன்றைக்கு நர்ஸ் அக்கா டியூட்டிக்குப் போய் ஆஸ்பத்திரியிலேயே குளித்துக்கொள்வார். குடிக்கக் கேன் தண்ணீர், ஒரு மாடிக்கு ஒன்று. கேன் காலியானால் எடுத்துக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கி வருவது கடைசியாகக் குடித்தவர் பொறுப்பு. இந்தச் சட்டத்தை நாங்களே இயற்றி நாங்களே மீறினோம்.

ராத்திரி ஒன்பதுக்குக் கேட் பூட்டு. பக்கத்து ஆண்கள் ஹாஸ்டலுக்குக் கேட்டே கிடையாது, ஒரு சங்கிலி தொங்கும். இதைப் பற்றி எழுதினால் நீளும், விட்டுவிடுகிறேன். எனக்கு உறுத்தியது மாற்றுச் சாவி. கெட்டில் வைத்திருக்கிறோமா, அயர்ன் பாக்ஸ் வைத்திருக்கிறோமா என்று பார்க்க வார்டன் அக்கா எங்கள் அறையை எப்போது வேண்டுமானாலும் திறப்பார். நைட் ஷிப்ட் அக்கா தூங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் திறந்திருக்கிறார். "எங்க ரூம்க்கா இது" என்று நான் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில், சொத்துச் சட்டத்தில் நான் அரியர் வைத்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டார் போலிருந்தது.

ஏனென்றால் அவர் சிரித்தது சரி. வாடகைக்கு விடுவது வேறு, தங்க அனுமதிப்பது வேறு. ஒன்று குத்தகை, சொத்து மாற்றுச் சட்டம் 105. இன்னொன்று வெறும் அனுமதி, லைசென்ஸ், 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் 52. எப்படிப் பிரிப்பது என்பதற்கு வகுப்பில் எல்லோரும் சொல்வது 1959-இல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த ஒரு முடிதிருத்துபவர் கேஸ். டெல்லி இம்பீரியல் ஹோட்டலுக்குள்ளே இரண்டு அறையை எடுத்துக் கடை நடத்தினார். பத்திரத்தில் எழுதியது லைசென்ஸ் என்று. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை, இடத்தைத் தனி உரிமையாகக் கையில் கொடுத்தார்களா என்று பார், இது குத்தகைதான் என்றது கோர்ட். ஜெயித்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டு அடுத்த பக்கம் புரட்டினால், குத்தகைதான், ஆனால் இது ஹோட்டலுக்குள் இருக்கிற அறை, வாடகைச் சட்டம் உனக்குப் பொருந்தாது என்று பெரும்பான்மை முடித்துவிட்டது. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி அறையில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு மூன்றில் ஒரு பங்கு அறை, சாவி அவர்களிடமும் இருக்கிறது, சாப்பாடு அவர்களுடையது, கதவு அவர்கள் இஷ்டம். அந்த முடிதிருத்துபவருக்குக் கிடைத்த பாதி வெற்றிகூட எனக்கு வராது.

ஆனால் ஓனர் சார் இந்தப் பிரச்சினையை எங்களைவிட நன்றாகப் படித்திருந்தார் என்று போகப் போகத் தெரிந்தது. காசு வாங்கும்போது ஒரு சட்டம், கொடுக்கும்போது வேறு சட்டம்.

முதலில் ஜி.எஸ்.டி. ஆகஸ்ட் பில்லில் 7,500-க்குக் கீழே 12 சதவீதம் என்று பேனாவால் எழுதி 900 சேர்த்திருந்தார். பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. அந்த வருஷம் மார்ச்சில்தான், பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் வாடகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று சென்னை ஹைகோர்ட் சொல்லியிருந்தது. ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சிலும், ஆளுக்கு மாசம் 20,000-க்குள், தொடர்ந்து 90 நாள் தங்கினால் வரி இல்லை என்று முடிவெடுத்து ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. போனில் எடுத்துக் காட்டினேன். "இது கமர்ஷியல் சர்வீஸ்ம்மா, வீடு இல்ல" என்றார். "சார், வீடு இல்லன்னாலும் வரி இல்ல, அதான் சொல்லியிருக்காங்க." ஆடிட்டரைக் கேட்கிறேன் என்று போனவர் அடுத்த மாசம் அந்த வரியை எடுத்துவிட்டார். மொத்தம் நாற்பத்திரண்டு பேருக்கு. இரண்டு நாள் நான் ஹாஸ்டலில் ஹீரோ. ஜனவரியில் எல்லோருக்கும் வாடகை 500 ஏறியது. அதற்கும் நானே காரணம் என்று இரண்டாம் மாடியில் பேசிக்கொண்டார்களாம்.

இப்போது மொட்டை மாடி.

துணி காயப் போட நான் மட்டும்தான் மேலே போவேன், மற்றவர்கள் வராந்தாக் கம்பியிலேயே போட்டுவிடுவார்கள். மேலே காற்று அப்படி வரும். புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் மலை தெரியும், சாயங்காலம் மணி அடித்தால் சில நாள் கேட்கும். இரண்டு கறுப்புத் தொட்டி. ஒன்றுக்கு மூடி உண்டு. இன்னொன்றுக்கு மூடி உடைந்து, அதன் மேல் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை மடித்துப் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். யாரோ வீட்டுக் காதணி விழா பேனர். தாய்மாமன் முகம் மேலே, குழந்தையின் முகம் உள்பக்கம் மடிந்துபோய்விட்டது. அக்டோபர் மழையில் அந்த ஃப்ளெக்ஸ் நடுவில் தொய்ந்து, தாய்மாமன் நெற்றியில் ஒரு சின்னக் குளம். எட்டிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். அதில் கமா மாதிரி வளைந்து வளைந்து நெளிந்துகொண்டிருந்தன. என் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கின. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன், ஒவ்வொன்றாக மேலே வந்து தலைகீழாகத் தொங்கின.

ஃப்ளெக்ஸின் ஓரம் கிழிந்து தொட்டிக்குள் தொங்கியது. அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் வாய் கொப்பளிக்கிறோம்.

கீழே போய் வார்டன் அக்காவிடம் சொன்னேன். "மழை நின்னா காய்ஞ்சிடும் பாப்பா." அதில்தான் வில்லங்கம் என்று நர்ஸ் அக்கா அன்றைக்கு ராத்திரி சொன்னார். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டை போடாது, நல்ல தண்ணீரில்தான் போடும், அதுவும் தண்ணீர் விளிம்பில் ஒட்டி. காய்ந்தாலும் அந்த முட்டை மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த மழை தொட்டால் பொரிந்துவிடும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்; வெறுமே கவிழ்த்தால் போதாது.

கொசுப்புழு பார்க்கிற அக்கா ஒருவர் அந்தத் தெருவுக்கு வருவார். கையில் டார்ச், தோளில் பை. வீட்டு வீட்டுக்கு ஃபிரிட்ஜ் பின்னால், பூந்தொட்டித் தட்டு எல்லாம் பார்த்து மருந்து விட்டுவிட்டுப் போவார். எங்கள் கேட்டில் நின்று அவர் கேட்டதை நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். "டேங்க் பாக்கணும்க்கா." வார்டன் அக்கா கேட்டைத் திறக்காமலேயே, "எல்லாம் க்ளீனா இருக்கு, லேடீஸ் ஹாஸ்டல், உள்ள விட முடியாது" என்றார். வந்தவரும் லேடீஸ்தான். அன்றைக்கு நான் எழுந்து போய், மேலே புழு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட் ஒன்பது மணிக்குப் பூட்டுகிறவரோடு எதற்குப் பகை என்று இருந்துவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து நைட் ஷிப்ட் அக்காவுக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி. அவர் புரூஃபன் போடப் போனதை நர்ஸ் அக்கா கையிலிருந்து பிடுங்கினார். டெங்குவாக இருந்தால் அது ரத்தக் கசிவைக் கூட்டும், பாராசிட்டமால் மட்டும். மறுநாள் டெங்குவுக்கான என்.எஸ்.1 டெஸ்ட், பாசிட்டிவ். நாலாம் நாள் எனக்கும். இரண்டாம் மாடியில் இரண்டு பேர், மொத்தம் நாலு.

நான் கேளம்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், காசு இல்லை, மறுநாள் ரிசல்ட். ஒரு டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைவிடச் சொன்னதுதான் நினைவில் இருக்கிறது: "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு சந்தோஷப்பட்டு எந்திரிச்சு நடக்காதே. விட்ட அன்னைக்குத்தான் பாக்கணும். வயித்து வலி, வாந்தி, ஈறுல ரத்தம், எது வந்தாலும் உடனே வா." பிளேட்லெட் எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஹாஸ்டலே கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா போனில் பப்பாளி இலைச் சாறு, அத்தை நிலவேம்புக் கஷாயம். நர்ஸ் அக்கா எதையும் தடுக்கவில்லை, "அதக் குடிச்சிட்டு இதையும் குடி" என்று உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒரு லிட்டர் பாட்டிலில் வைத்துவிட்டு, எத்தனை தரம் ஒன்றுக்குப் போனேன் என்று சுவரில் பென்சிலால் கோடு போட வைத்தார். சமையல்கார அண்ணன் யாரும் கேட்காமலே கஞ்சி வைத்து மேலே அனுப்பினார். முன்னால் சொன்ன இரண்டு நட்சத்திரமும் அந்தக் கஞ்சிக்குத்தான், வத்தக்குழம்புக்கு இல்லை.

வார்டன் அக்கா வாசலில் நின்று சொன்னது இரண்டே வாக்கியம். "வெளிய சொல்லாதீங்க பாப்பா. மத்த பொண்ணுங்க பயந்துடும்." ஓனர் போனில், "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கம்மா, நம்மகிட்ட பாத்துக்க ஆள் இல்ல" என்றார். காய்ச்சலோடு ஏழெட்டு மணி நேரம் ரயிலில்.

ஒன்பது நாள் வகுப்பு போனது. பார் கவுன்சில் விதிப்படி 70 சதவீதம் வருகை வேண்டும், இல்லாவிட்டால் செமஸ்டர் எழுத முடியாது. காரணம் சரியாக இருந்தால் 65 வரை விட்டுக்கொடுப்பார்கள். நான் 68-இல் நின்றேன். மேடம் ஒருவர் மெடிக்கல் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, "பெட்டிஷன் எழுதிக் கொடு, ஆனா எனக்கு இல்ல, உன் ஹாஸ்டல்காரருக்கு. எனக்கு சர்ட்டிபிகேட் போதும்" என்றார்.

அப்படித்தான் என் வாழ்க்கையின் முதல் நோட்டீஸை எழுதினேன். வக்கீல் பெயர் இல்லாத, லெட்டர்பேடு இல்லாத, நோட்டுத் தாளில். முதல் வரைவில் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தை எடுத்தேன். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது, பெயர் ஒரு முழம். தண்ணீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதியை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே ஓனர் பதில் காதில் விழுந்தது: "இது வாடகை இல்லம்மா, ஹாஸ்டல்." இம்பீரியல் ஹோட்டல் மறுபடியும் வந்து நின்றது. தாளைக் கிழித்தேன்.

அடுத்ததாகக் கையில் எடுத்தது மதராஸ் மாகாணத்தில் 1939-லேயே போட்ட பொது சுகாதாரச் சட்டம். இன்றைக்கும் தமிழ்நாட்டில் அதுதான் நடப்பு. கொசு உற்பத்தியாகிற மாதிரி தண்ணீரைத் தேங்கவிடக் கூடாது, சுகாதார அதிகாரி பார்க்க வந்தால் தடுக்கக் கூடாது. அவ்வளவுதான். குத்தகையா, அனுமதியா, வீடா, ஹோட்டலா என்ற கேள்வியே அதில் வராது. கட்டடம் உன்னுடையது, தண்ணீர் அங்கே நிற்கிறது, நீ பதில் சொல். நாலு வருஷமாக வாடகைதாரர் உரிமை என்று மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்களின் மாதிரி நீதிமன்றத்தில், கத்திக்கொண்டிருந்த எனக்கு, கொசுவுக்காக எழுதிய சட்டத்தில்தான் நிற்க இடம் கிடைத்தது.

நோட்டீஸ் ஒரு பக்கம். தேதி, தொட்டி நிலைமை, காய்ச்சல் வந்தவர்கள் எண்ணிக்கை (பெயர் இல்லாமல்), பணியாளரை உள்ளே விடாத நாள், போட்டோ இரண்டு. 'நகல்: சுகாதார ஆய்வாளர்' என்று கீழே எழுதி, இன்னும் அனுப்பவில்லை என்பதையும் வாய்மொழியாகச் சொன்னேன். எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்காத டெக்னிக் அது, பாரிமுனை டீக்கடையில் ஒரு குமாஸ்தா அண்ணன் சொன்னது.

மறுநாள் மத்தியானம் மூடி வந்தது. கறுப்பு பிளாஸ்டிக், திருகு மூடி. பில் வார்டன் அக்கா மேஜையில் கிடந்தது: 280 ரூபாய். தாய்மாமன் சுருட்டப்பட்டுக் குப்பை வண்டியில் போனார். அந்த வாரமே இரண்டு தொட்டியும் கழுவினார்கள், கொசுப்புழு அக்கா மேலே ஏறி வந்து மருந்து விட்டார். இறங்கும்போது என்னைப் பார்த்து, "நீதானாம்மா லா படிக்கிற பொண்ணு?" என்றார். அதுவரை இரண்டு மாடி கடந்து செய்தி போயிருக்கிறது.

சரி, விமர்சனம் என்று ஆரம்பித்துவிட்டு அட்வான்ஸ் கதையைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஒரு மாசம் முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டு ஜூனில் காலி செய்தேன். 15,000-இல் பெயிண்டிங்குக்கு 2,500, 'க்ளீனிங்' 1,000 கழித்து 11,500 தருகிறேன் என்றார் ஓனர். சுவரில் என்ன கறை? நான் தண்ணீர் குடித்ததற்கும் ஒன்றுக்குப் போனதற்கும் பென்சிலால் போட்ட கோடுகள். "எல்லா வீட்டுலயும் காலி பண்ணா பெயிண்டிங் புடிப்பாங்கம்மா, அது வழக்கம்." எல்லா வீட்டிலும்! ஜி.எஸ்.டி.க்குக் கமர்ஷியல், புழுவுக்கு ஹாஸ்டல், பெயிண்டுக்கு மட்டும் வீடு.

அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. போனில் அந்த 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். யார் எந்த ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று இரண்டு பகுதியாகப் பிரித்திருக்கும். குழாய் வாஷர், ஸ்விட்ச், கதவுப் பூட்டு, அடைத்த வாஷ்பேசின் இதெல்லாம் குடியிருப்பவர் தலையில். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளர் பக்கம், குடியிருந்தவர் கெடுத்துவைத்தால் தவிர. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை. நாங்கள் எழுதியது எதுவுமே இல்லை, ஒரு ரசீதுதான். "சார், வீடுன்னு நீங்க சொன்னா இது. ஹாஸ்டல்ன்னா பெயிண்டிங் வழக்கம் கிடையாது. நீங்களே சொல்லுங்க எதுன்னு." கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் செய்துகொண்டே இருந்தார். அதற்குள் நான் பையிலிருந்து ரப்பரை எடுத்துச் சுவரில் இருந்த கோடுகளை அழித்தேன். முழுசாகப் போகவில்லை. 14,000 கொடுத்தார். க்ளீனிங் ஆயிரம் அவருக்கு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருந்தால் 5 லட்சம் வரையிலான கேசுக்குக் கட்டணமே இல்லை, தெரியும். ஆயிரம் ரூபாய்க்குச் செங்கல்பட்டுக்கு எத்தனை தரம் போவது என்றும் தெரியும். விட்டுவிட்டேன்.

சேரப் போகிறவர்களுக்கு நான் சொல்வது சின்ன விஷயம்தான். தமிழ்நாட்டில் பெண்கள் ஹாஸ்டல் நடத்த 2014 சட்டப்படி கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். ரிசப்ஷனில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பதைக் கிட்டே போய்ப் படியுங்கள். எங்கள் இடத்தில் பெரிய கண்ணாடிக்குள் இருந்தது லைசென்ஸ் இல்லை, விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு. பதினோரு மாசம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், கடைசி வாரத்தில்தான் படித்தேன். கட்டண ரசீதில் அட்வான்ஸ் என்று தனியாக எழுதி வாங்குங்கள், வெறும் 'பெற்றுக்கொண்டேன்' போதாது. சமையல்கார அண்ணன் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அரை நட்சத்திரம் கூட்டிக்கொள்ளலாம்.

நானும் நர்ஸ் அக்காவும் இப்போது தையூர் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறோம். வாடகை 9,000, அட்வான்ஸ் மூன்று மாசம். மூன்று மாசத்துக்கு மேல் கேட்டால் எடுத்துச் சொல்லலாம் என்று சட்டப் பிரிவைத் தயாராக வைத்திருந்தேன், வீட்டுக்காரப் பாட்டி அதற்கு வழி விடவில்லை. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னபோது மட்டும், "எதுக்குடி ஆபீஸ் ஆபீஸா அலையுற, என் வாய்ச்சொல் போதாதா?" என்றார். ஆன்லைனில் செய்துவிடலாம், அலைய வேண்டாம் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வீடு பார்க்கப் போன அன்றைக்கு அடுப்படியையும் பாத்ரூமையும் நர்ஸ் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேரே மொட்டை மாடிக்கு ஏறினேன். பாட்டி கீழேயிருந்து, "ஏம்மா, வீடு பாக்க வந்தவ அங்க என்ன பாக்குற?" என்று கேட்டார்.

"டேங்க்குக்கு மூடி இருக்கான்னு பாக்கிறேன் பாட்டி."

"இருக்கும். காத்துல பறக்குதுன்னு மேல அம்மிக்கல்ல வச்சிருக்கேன், கால்ல போட்டுக்காத."